ஆல்ப்ஸ் அவென்யூவில் மதிய உணவு

நான் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுப்பவள். மேற்குத் தாம்பரத்தில் என் கணவரின் பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் சாயங்கால வகுப்பு. கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறது என்று வந்து சேரும் சாஃப்ட்வேர் பிள்ளைகள், மூன்று மாதத்தில் அந்த மொழியைக் குதறுமளவுக்குக் கற்றுக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். பிறகு பனியில் நின்றபடி போட்டோ அனுப்புவார்கள். நான் ஜெர்மனியைப் பார்த்தது அந்தப் போட்டோக்களில்தான்.

ஆகவே, 2006-ஆம் வருடம், ஜெர்மனியே தாம்பரத்துக்கு வந்திருக்கிறது, ஒரு நாள் உடன் போக முடியுமா என்று ஒரு சுற்றுலா நிறுவனத்திலிருந்து கேட்டபோது யோசிக்காமல் சரி என்றேன். பதினோரு பேர், கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகிறார்கள். உடன் போக வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு மஞ்சள்காமாலை. மாற்று ஆள் மறுநாள் செங்கல்பட்டில் சேர்ந்துகொள்வார். அதுவரைக்கும் நான்.

வேனில் உட்கார்ந்து போகலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை லாட்ஜ் வாசலில் போய் நின்றபோது, குழுத் தலைவர் டீட்டர் என்னிடம் ஒரு ஹெல்மெட்டை நீட்டினார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர், கழுத்தில் விசில். முழங்காலுக்கு மேலே முடிந்துவிடும் கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தார். அவருடன் பேசும்போது அவர் முகத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்துகொண்டேன்.

"மொழிபெயர்ப்பாளர் வேனில் இருந்தால், மொழியும் வேனில் இருக்கும்" என்றார் ஜெர்மனில். "நீங்கள் எனக்குப் பின்னால் இரண்டாவதாக வரவேண்டும்."

நான் கடைசியாக சைக்கிள் ஓட்டியது ப்ளஸ் டூ படிக்கும்போது. அதற்குப் பிறகு இரண்டு பிரசவமும் ஒரு ஸ்கூட்டியும் ஆகிவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். வேன் டிரைவர் முருகேசன், சூடாக டீ குடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மேடம் இது பேஜாரு? ஏ.சி. வண்டிய காலியா பின்னால வுட்டுகினு, முன்னால மெதிச்சிகினு போவானுங்களாம். இதுக்கு ஏரோப்ளேன் ஏறி வேற வந்துகிறானுங்கோ."

"அவர் என்ன சொல்கிறார்?" என்றார் டீட்டர்.

"பயணம் இனிதாக அமையட்டும் என்கிறார்" என்றேன். அன்றைய நாளின் முதல் மொழிபெயர்ப்பு அது.

ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு வசதி, பயப்பட நேரம் கிடைக்காது. இடதுபக்கம் ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கும், வலதுபக்கம் தென் மாவட்டத்துப் பேருந்து தோளை உரசும், எதிரே தவறான திசையில் ஒரு குடும்பமே ஒற்றை பைக்கில் வரும். ஜெர்மன்காரர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒழுங்காகக் கையை நீட்டினார்கள். அவர்கள் ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

வண்டலூர் மிருகக்காட்சி சாலை வாசலில் டிக்கெட்டுக்கு நின்ற குடும்பங்கள் மொத்தமாக எங்கள் பக்கம் திரும்பின. ஒரு அப்பா குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டினார். கவுண்டரை விட்டு இரண்டு பேர் விலகி வந்ததையும் பார்த்தேன். பார்க்க வேண்டியதை வெளியிலேயே பார்த்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

டீட்டருக்கு ஒரே கேள்விதான். "நகரம் எங்கே முடிகிறது?"

என் கல்யாணத்தின்போது அது தாம்பரம் ரயில் நிலையத்தோடு முடிந்தது. பிறகு பெருங்களத்தூரில், பிறகு வண்டலூரில். "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். ஊரப்பாக்கத்தில் மறுபடி கேட்டார். அங்கே வயல் என்று எனக்கு நினைவிருந்த இடத்தில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் நின்றது. "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

ஊரப்பாக்கத்தில் டீக்கடை. இட்லியும் வடகறியும் சொன்னேன். டீட்டர் தன் பையிலிருந்து பிஸ்கட் போல அழுத்தி வைத்த ஓட்ஸ் கட்டிகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். குழு விதிப்படி சைக்கிள் ஓட்டும் நாளில் எண்ணெய் கிடையாது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் கட்டியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு என் தட்டைப் பார்த்தார். ரெனாட்டே, எல்லோரிலும் மூத்தவர், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். நான் தட்டை நகர்த்தினேன். அவர் வடகறியை விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, டீட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எங்கள் சைக்கிள்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"பாவம்டா. பஸ்ஸுக்குக் காசில்லாம மெதிச்சிகினு வந்துகிறானுங்க."

"போடா. அந்த சைக்கிளு வெல உன் வண்டிய வுட ஜாஸ்தி."

"அப்ப காசு கீது, புத்திதான் இல்ல."

டீட்டர் என்னைப் பார்த்தார். "உங்கள் மன உறுதியைப் பாராட்டுகிறார்கள்" என்றேன். அவர் இருவருக்கும் கைகொடுத்தார். அவர்களும் பெருமையாகக் குலுக்கினார்கள்.

இதற்குள் என் கணவர் ஹாரூன் ஐந்தாவது முறையாக போன் செய்தார். "ஜமீ, எங்க இருக்க? விழுந்துட்டியா?"

"இல்ல மச்சான், ஊரப்பாக்கம்."

"இன்னும் ஊரப்பாக்கமா? நான் நடந்தே வந்திருப்பேனே!" என்று சிரித்தார். கடையில் யாரோ கூடச் சிரித்தது கேட்டது. கிளம்பி நூறடி போவதற்குள் துப்பட்டா அவிழ்ந்து செயினுக்குள் போய்விட்டது. இழுத்தால் வரவில்லை. ரெனாட்டே ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் அனுமதி கேட்டார். மயில்நீலத் துப்பட்டாவின் பாதி அந்த சைக்கிளோடு கன்னியாகுமரி போயிருக்கும்.

காட்டாங்குளத்தூரில் கல்லூரிப் பிள்ளைகள் விடுதியிலிருந்து வந்து கைதட்டி அனுப்பிவைத்தார்கள். அதைத் தாண்டி கிழக்கே பிரிகிற ஒரு சாலையில் டீட்டர் விசிலை ஊதித் திரும்பினார். அவருடைய வரைபடத்தில் அந்தச் சாலை வயல்களுக்கு நடுவே, ஒரு ஏரிக்கரையோரமாகப் போயிற்று. பயணக் கையேட்டில் அதை 'தீண்டப்படாத கிராமப்புறம்' என்று வர்ணித்திருந்தார்கள். உண்மையிலேயே கொஞ்ச தூரம் வயல் இருந்தது. பனைமரம் இருந்தது. எருமைகூட ஒன்று நின்றது. பதினோரு காமிராக்களும் அதன்மேல் பாய்ந்தன. எருமை வால்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த வளைவில் கிராமப்புறத்தை யாரோ நன்றாகவே தீண்டியிருந்தார்கள். சாலைக்குக் குறுக்கே பெரிய சிமெண்ட் வளைவு. அதில் பனிமலை படமும் 'ஆல்ப்ஸ் அவென்யூ' என்ற எழுத்தும். உள்ளே கண்ணுக்கெட்டிய வரை பொட்டல் வெளி, மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள், கயிறு கட்டிப் பறக்கவிட்ட கலர்க் கொடிகள். ஷாமியானா பந்தல் போட்டு, சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் இரண்டு பேருந்துகள்.

டீட்டர் வளைவை அண்ணாந்து பார்த்தார். "ஆல்ப்ஸ்" என்று ஒரு தடவை வாசித்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புறநகரில் இதுதான். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் ஆட்களை இலவசமாகப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் மனை காட்டி, இலவசமாகச் சாப்பாடு போட்டு, சாப்பிட்ட கை காய்வதற்குள் முன்பணத்தை வாங்கிவிடுவார்கள். நான் திரும்பிவிடலாம் என்று சொல்வதற்குள், கழுத்துப்பட்டி கட்டிய மேனேஜர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் வந்தன.

"வெல்கம் சார், வெல்கம்! மேடம், சாருங்க எந்த கன்ட்ரி?"

"ஜெர்மனி. நாங்க வழி தவறி வந்துட்டோம். ஏரிக்கரைப் பக்கம் போகணும்."

"ஏரியா? ஏரியெல்லாம் இங்க இல்ல மேடம். முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேசலாம்."

இலவசச் சாப்பாடு என்று தெரிந்ததும் குழுவின் எண்ணெய் விதி அங்கேயே காலமானது. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். டீட்டரே இரண்டு முறை புளிசாதம் வாங்கினார். இந்த நாட்டின் விருந்தோம்பலைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அறுபது எழுபது பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். மைக்கில் மேனேஜரின் குரல் கேட்டது.

"பாருங்க, ஃபாரின்லேர்ந்தே தேடி வந்து மனை பாக்குறாங்க. நாம இன்னும் யோசிச்சிட்டு இருக்கோம்."

நான் எழுந்து போய் அவரிடம் இது சரியில்லை என்றேன். அவர் மைக்கை மூடிக்கொண்டு, "சும்மா ஒரு ஜாலிக்கு மேடம்" என்றார்.

என் பக்கத்து நாற்காலியில் இளம் தம்பதி ஒன்று. பேச்சுக் கொடுத்ததில் பெயர் தேவி, கோபி என்று தெரிந்தது. அவன் மறைமலைநகரில் ஏதோ உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பெருங்களத்தூரில் வாடகை வீடு. அவள் ஒரு துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டே சாப்பிட்டாள். காலையில் ஏறும்போதும் பேருந்திலும் அதைக் கீழே வைக்கவில்லை என்று அவன் கேலிசெய்தான். தாலிக்கொடியை அடகு வைத்த பணம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்த டீட்டர் காலாற நடக்கப் போனார். வெகுநேரம் குனிந்து குனிந்து மண்ணைப் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். அதற்குள்ளிருந்த நத்தை ஓட்டை ரெனாட்டேயிடம் காட்டினார். கிழக்கே பனைமரங்கள் வரிசையாக நின்ற மேடு ஒன்று இருந்தது. அதன் அடியில், மனைக்கல்லோடு மனைக்கல்லாக, கருங்கல் மதகு ஒன்று வேலையில்லாமல் நின்றது. அதையும் தடவிப் பார்த்துவிட்டு, வகுப்பறைக்குள் நுழையும் வாத்தியார் முகத்தோடு திரும்பி வந்தார்.

மேனேஜர் அவரை மேடைக்கு அழைத்தார். "சார் ரெண்டு வார்த்தை பேசணும். மேடம், நீங்க டிரான்ஸ்லேட் பண்ணுங்க. இடம் சூப்பர்னு சொல்லட்டும், போதும்."

டீட்டர் மைக்கைப் பிடித்தார். ஆசிரியராக இருந்தவரிடம் மைக்கைக் கொடுக்கக்கூடாது என்பது மேனேஜருக்குத் தெரியவில்லை.

"அன்புள்ள நண்பர்களே, நாம் இப்போது ஒரு ஏரியின் தரையில் நிற்கிறோம்."

அதுவரை காலையிலிருந்து நான் ஒரு வாக்கியத்தைக்கூட உள்ளபடி மொழிபெயர்த்திருக்கவில்லை. தேவி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"நாம இப்ப ஒரு ஏரிக்குள்ள நிக்கிறோம்னு சொல்றார்" என்றேன். பந்தலில் யாரோ சிரித்தார்கள்.

டீட்டர் உற்சாகமாகப் போனார். அந்த மேடு கரை. இந்தக் கல் மதகு. மண்ணில் நத்தை ஓடு. உங்கள் முன்னோர் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டிருக்கிறார்கள்! மழைக்காலத்தில் தண்ணீர் இதோ, இதுவரை நிற்கும் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பறவைகள் வரும். அப்போது இந்த இடத்தைப் பார்க்கத் தனக்கு மிகவும் ஆசை என்றார். நான் ஒரு சொல் விடவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டியதையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு சந்தோஷமாகவே இருந்தது.

அந்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அவர் மைக்கைப் பிடுங்கினார்.

"கேட்டீங்களா? ஃபாரின் எக்ஸ்பர்ட் வாயாலயே கேட்டீங்களா? தண்ணி! மூணு வருஷம் முன்னால தண்ணி லாரிக்குப் பின்னால குடத்தைத் தூக்கிட்டு ஓடினோமே, மறந்துடுச்சா? இங்க பதினஞ்சு அடியில தண்ணி! மெட்ராஸ்ல எங்க கிடைக்கும்? ஜெர்மன் சாரே அடுத்த மழைக்கு வரேன்னு சொல்றார்!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ஒரு பெரியவர் எழுந்து நின்றே தட்டினார். முன்பணம் கட்டும் மேஜைக்கு முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. டீட்டர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணங்கினார்.

"முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட யாரும் இப்படிக் கைதட்டியதில்லை" என்றார் என்னிடம், கண் கலங்க.

கோபியும் வரிசைக்குக் கிளம்பினான். தேவி எழவில்லை. என் கிழிந்த துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அந்த வெள்ளக்காரர் நல்லதுன்னு சொன்னாரா, கெட்டதுன்னு சொன்னாரா?"

"ஏரின்னு சொன்னார்மா."

"அது கேட்டுச்சு. நீங்க வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். பிறகு வரிசையில் நின்றவனிடம் போய், "வேணாம் வா" என்றாள்.

"இன்னா வேணாம்? ஊரே நிக்குது."

"ஊரு நிக்கட்டும். நான் குடுக்க மாட்டேன்."

அவன் பையைக் கேட்டான், கெஞ்சினான், கத்தினான். அவள் இரண்டு கைகளாலும் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் இடம் போய்விடுமோ என்று மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

மேனேஜர் சிரித்த முகம் மாறாமல் என்னிடம் வந்தார். "மேடம், சாப்பிட்டாச்சுல்ல? கிளம்புங்க. உங்களுக்கு இந்த ஏரியா தெரியாது."

"தாம்பரம்தான் எனக்கு."

"அப்ப தாம்பரத்துலயே இருங்க."

வெளியே வந்தபோது என் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. மற்ற எல்லாம் நன்றாக இருந்தன. பைக்கில் சாய்ந்து நின்ற இரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. முருகேசன் அவர்களைப் பார்த்தபடியே பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க வண்டியாண்ட போய் நில்லு மேடம், நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடி காற்றடித்தும் கொடுத்தார்.

தேவியும் கோபியும் பேருந்தில் ஏறப்போனால், முன்பணம் கட்டியவர்களுக்குத்தான் திரும்பும் பயணம் என்று சொல்லிவிட்டார்கள். உச்சி வெயில். பிரதான சாலைக்கு நடக்க ஒரு மணி நேரமாவது ஆகும். வேனில் ஏற்றிக்கொள்ளலாமா என்று டீட்டரிடம் கேட்டேன்.

"வேன் உடல்நிலை சரியில்லாத சைக்கிள்காரர்களுக்கு மட்டும். காப்பீட்டு விதி" என்றார்.

எனக்குள் காலையிலிருந்து சேர்ந்திருந்த ஜெர்மன் எல்லாம் வெளியே வந்தது. "ஐயா, உங்கள் பேச்சு அந்த ஏரியை விற்றுக்கொடுத்தது. அந்தக் கைதட்டல் அதற்குத்தான். அந்த மேஜையைப் பாருங்கள். வாங்காத இரண்டே பேர் இவர்கள்தான்."

அவர் மேஜையைப் பார்த்தார். வரிசை பந்தலைத் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது. விசிலைக் கையில் எடுத்து, ஊதாமல், மறுபடி விட்டுவிட்டார்.

"நான் எச்சரிக்கவில்லை. நான் ரசித்தேன்" என்றார். பிறகு, "திரும்பப் போய்ச் சொல்லட்டுமா? வீடு கட்டக்கூடாது என்று?"

"அதையும் அவர் விளம்பரமாக்கிவிடுவார், இன்னும் ஐம்பது பேர் வாங்குவார்கள்" என்றேன்.

அவரே போய் வேன் கதவைத் திறந்துவிட்டார். ரெனாட்டே முழங்கால் வலி என்று சொல்லி ஏறி, தேவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காலை ஓட்ஸ் கட்டியை அவளுக்குக் கொடுத்தார். தேவி ஒரு கடி கடித்துவிட்டு, மரியாதைக்காக மென்றாள்.

பிரதான சாலையில் பேருந்து நிறுத்தத்துக்கு நான் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தபோது இருவரும் இறங்கி நின்றிருந்தார்கள். மற்றவர்கள் எதிரே இளநீர்க் கடையில். கோபி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அந்த இடத்துல வீடு கட்டினா மழைக்கு மூழ்கிடும்."

"உங்க வூடு எங்க கீது மேடம்?" என்றான் பட்டென்று.

"செம்பாக்கம்."

"செம்பாக்கத்துல எங்க?"

நான் தயங்கினேன். "ஏரி பக்கத்துல."

"மழைக்குத் தண்ணி வருமா?"

"வரும். போன வருஷம் ஹால்ல முழங்கால் வரைக்கும் வந்துச்சு."

"வந்துச்சே, காலி பண்ணிட்டு வாடகைக்குப் போனீங்களா?"

நாங்கள் போனது மாடிக்குத்தான். தண்ணீர் வடிந்ததும் ஹாரூன் கடையிலிருந்து நல்ல பெயிண்டாகக் கொண்டுவந்து அடித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வேறொரு கம்பெனி இட்டுகினு போறான்" என்று அவன் சாலையைப் பார்த்துச் சொன்னான். "அங்க நீங்க வர மாட்டீங்கல்ல?"

பேருந்து வந்தது. அவன் முன்வாசலில் ஏறிவிட்டான். தேவி பையை மாற்றி இடுக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா, அது அப்படித்தான் பேசும். நீங்க சொன்னதாலதான் நான் குடுக்கல." படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "ஆனா, இப்ப இருக்கிற வாடகை வூட்லயும்தான் மழைக்குத் தண்ணி வருது. தண்ணி வந்த மாசமும் வாடகைய வாங்கிடுறாங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். எதிர்ப்பக்கம் டீட்டரும் விசில் கொடுத்தார். செங்கல்பட்டு இன்னும் தூரம் இருந்தது. நான் சைக்கிளில் ஏறினேன். நகரம் எங்கே முடிகிறது என்று வழி நெடுக டீட்டர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.